நாலு விரல் நீளம்

நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவளுடைய இடுப்பளவு எனக்குத் தெரியும். தோள் அகலம் தெரியும். கழுத்திலிருந்து முழங்கால்வரை எவ்வளவு என்பதும் தெரியும். எல்லாம் என் உடம்பில் வைத்து அளந்தவை.

இதைச் சொன்னால் என் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். எழுபதுகளில் தில்லி அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்து, இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இது புரியும். ஒரு பிறந்தநாள் என்றால் எவ்வளவு வேலை இருந்தது! மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டுவோம். எலி கடிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் போடுவார்கள். விரலை நக்காதே என்று முதுகில் ஒன்று வைப்பார்கள். வண்ணக் காகிதத்தை வளையம் வளையமாகக் கோத்துச் சங்கிலி செய்வோம். சுருங்கு காகிதத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்து முறுக்குவோம். முறுக்கிய கை மறுநாள்வரை ரோஸ் நிறத்தில் இருக்கும். இன்று தில்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டி ஹாலில் ஆள் வைத்து பலூன் ஊதுகிறார்கள். ஊதுகிறவனுக்குக் குழந்தையின் பெயர்கூடத் தெரியாது, மொபைலைப் பார்த்து ஒட்டிவிட்டுப் போகிறான். எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில் கீழ்வீட்டில் இருந்தோம். எங்களுக்கு நேர் மேலே மாடி அத்தையும் மாடி மாமாவும். உறவில்லை. அவர்கள் கோயமுத்தூர்ப் பக்கம், நாங்கள் திருநெல்வேலி. தில்லியில் ஒரே படிக்கட்டில் இரண்டு தமிழ்க் குடும்பம் இருந்தால் உறவு தானாக வந்துவிடும் இல்லையா, அப்படி வந்த அத்தை.

நாங்கள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தின தசராவில் அவர்களுடைய ஒரே மகள் கூட்டத்தில் காணாமல் போய்விட்டாள். மைதானத்தில் ராவணனுக்குத் தீ வைத்ததும் பட்டாசு வெடித்திருக்கிறது, கூட்டம் பின்னால் சாய்ந்திருக்கிறது, அத்தையின் கையிலிருந்து பிள்ளையின் கை நழுவியிருக்கிறது. அவ்வளவுதான். கிடைத்தாள் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் தகவல் இல்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது.

தை மாதத்தில் அவள் பிறந்தநாள். அத்தை அதை ஒரு வருடம்கூட விடாமல் கொண்டாடினாள். காலனியில் பெரியவர்கள் இதைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார்கள். “அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து தலைமுழுகாம, பலூனைக் கட்டித் தொங்க விடுதாவளே” என்று என் அம்மாவே அப்பாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்களைப் போகாதே என்று யாரும் தடுக்கவில்லை. பாவம் என்று ஒரு பக்கம். கேக் என்று இன்னொரு பக்கம்.

நான் சொல்ல வந்தது எனக்கு ஒன்பது வயதான குளிர்காலத்தைப் பற்றி. அந்த மார்கழியில் மாமாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. முன்பெல்லாம் எப்படியோ யாரையோ பார்த்து நிறுத்தி வைத்திருந்தார். இந்த முறை முடியவில்லை. மாசி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அத்தை முடியாது என்றாள். மாமா முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். எங்கள் கூரை அவர்களுக்குத் தரை. பேச்சு நின்றது எங்களுக்கும் கேட்டது.

வருடா வருடம்போல் அளவெடுக்க என்னைக் கூப்பிட்டது அந்த மௌனத்துக்கு நடுவில்தான்.

“வா அம்முணி. சித்த நேரம் நில்லு கண்ணு.”

அத்தை நாடாவில் அளக்க மாட்டாள். வெள்ளை நூல்கண்டிலிருந்து நீளமாக இழுத்து, என் தோளில் வைத்து, அளவு வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவாள். இடுப்புக்கு ஒரு முடிச்சு. நீளத்துக்கு ஒரு முடிச்சு. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நான் நடுங்கிக்கொண்டு நிற்பேன். அவள் விரல்கள் சில்லென்று இருக்கும். அளக்கும்போது அவள் கண் என்மேல் இருக்காது. எனக்குச் சற்றுப் பின்னால், வாசல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே அளப்பாள். நானும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பேன். வாசலில் பச்சைக் கதவு மட்டும் இருக்கும்.

அந்த அளவில் தன் மகளுக்கு ஒரு கவுன் தைப்பாள். கைத்தையல், பூப்போட்ட துணி, கழுத்தில் சுருக்கம் வைத்து. எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றியதில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின ஒரு வாரம் முழுக்க மாடியில்தான் கிடப்போம். பள்ளிவிட்டு வந்ததும் ஓடிவிடுவோம். ரஜாய்ப் போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு, வறுத்த மூங்ஃபலிக் கடலை உரித்துத் தின்றுகொண்டே காகிதம் வெட்டுவோம். செய்தித்தாளில் ஆளுக்கொரு தொப்பி. பழைய வாழ்த்து அட்டைகளை வெட்டிக் குட்டிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நாலு கல்கண்டு. கடலை உருண்டையும் கச்சாயமும் அத்தையின் கைவேலை. வெல்லம் கரையும் வாசனை படியிறங்கி எங்கள் வீட்டுக்குள் வரும். கேக்குக்கு ஓவன் ஏது? அலுமினிய டேக்சாவில் மணல் கொட்டி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின்மேல் கங்கு போட்டு வேகவைப்பாள். வனஸ்பதியில் சர்க்கரைப் பொடியைக் குழைத்து, பீட்ரூட் சாறு விட்டு மேலே பூசுவாள். அந்த ருசி இப்போது எந்தப் பேக்கரியிலும் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே கூண்டு. மூங்கில் பட்டையை வளைத்துக் கட்டி, பட்டம் விடுகிற மெல்லிய சிவப்புக் காகிதத்தை ஒட்டி, உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு. அதைப் பால்கனிக் கொக்கியில் தெருவைப் பார்த்து மாட்டுவாள். தையில் சாயங்காலம் ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். எதிர் ப்ளாக் தெரியாது, வேப்பமரம் தெரியாது. அந்தச் சிவப்பு மட்டும் அந்தரத்தில் நிற்கும். அழகாக இருக்கிறது என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். யாரோ வரப்போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறந்தநாளன்று காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு போனோம். கூடத்தில் வீடுவீடாகக் கடன் வாங்கிய இரும்பு நாற்காலிகள். நடுவில் ஒரு நாற்காலிக்கு மட்டும் கால் முதல் முதுகுவரை காகிதப்பூ சுற்றியிருந்தது. அதன்மேல் அந்த வருடத்துக் கவுன், உட்கார்ந்திருப்பதுபோல் மடக்கி வைக்கப்பட்டிருந்தது.

நான் அதை எட்டிப் பார்த்தேன். என் அளவு எனக்குத் தெரியாதா? கவுனின் விளிம்பு நாற்காலியில் தொங்கிய விதத்திலேயே தெரிந்தது, நீளம் அதிகம்.

“அத்தை, இது எனக்கு நீளமால்ல இருக்கும்?”

அத்தை சிரித்தாள். “நாலு விரல் கூட வெச்சேன் கண்ணு. இந்த வருசம் அவ உன்னையவிட ஒசந்துட்டா.”

அது அவளுக்கு எப்படித் தெரிந்தது? மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் வீட்டில் எல்லாரும் நெட்டை, அதனால் கணக்குப் போட்டிருப்பாள் என்று இப்போது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முந்தின வருடம்வரை ஏன் என் அளவிலேயே தைத்தாள்?

கேக்கில் ஒன்பது மெழுகுவர்த்தி. அங்கே ஒரு சட்டம் உண்டு, யாரும் ஊதக் கூடாது. ஊதுவது அவள் வேலை. நாங்கள் பாட்டுப் பாடி முடித்துவிட்டுக் கைகட்டி நிற்போம். மெழுகுவர்த்திகள் தாமாகவே எரிந்து எரிந்து, ரோஸ் நிறப் பூச்சில் மெழுகு வழிந்து, ஒவ்வொன்றாக அவியும். அத்தனை பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தம் இருக்காது. கடைசித் திரி அவிந்து புகை எழும்பியதும் அத்தை கைதட்டுவாள். அப்புறம்தான் கேக்.

பிறகு நாற்காலி விளையாட்டு. மாமா எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுவார். நிறுத்தியதும் உட்கார வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலியை எடுத்துவிடுவார்கள், பூச்சுற்றிய நாற்காலியை மட்டும் எடுக்க மாட்டார்கள். அதில் யாரும் உட்காரவும் மாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வெளியேறி, கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். மிச்சம் இரண்டு நாற்காலி. மாமா தட்டிக்கொண்டே இருந்தார், நான் தனியாகச் சுற்றிக்கொண்டே இருந்தேன். தட்டு நின்றதும் என் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். தொடையில் இரும்பு சுரீரென்று குளிர்ந்தது.

“ரெண்டு பேரும் ஜெயிச்சாச்சு!” என்றாள் அத்தை. எனக்கு ஒரு கல்கண்டுப் பெட்டி. அந்தக் கவுனின் மடியில் ஒரு பெட்டி.

அந்த வயதில் எனக்கு இருந்த தைரியம் இப்போது கிடையாது. எல்லாரும் கடலை உருண்டைக்குப் பாய்ந்த நேரத்தில் கையை நீட்டி, கவுனை லேசாக விலக்கி, அந்த நாற்காலியின் இருக்கையைத் தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

கரி போடுகிற அங்கீதி அடுப்பு பக்கத்தில் இருந்திருக்கலாம். இருந்ததா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவில் அது பின்வராந்தாவில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முகம் மாறிவிட்டது. “அந்த நாற்காலிகிட்டப் போவாதன்னு சொன்னேன்லாட்டி!” என்று கல்லுப்பும் மிளகாய்வற்றலும் எடுத்து என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்துச் சுற்றினாள். கங்கில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது, மிளகாய் நெடி மட்டும் வரவேயில்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு பலமாக இருக்கிறது என்று நம் வீடுகளில் கணக்கு. “இனி அளவெடுக்கக் கூப்பிட்டா நீ போவக் கூடாது. இன்னொரு பிள்ளைக்கு உடம்பை இரவல் குடுக்கதுக்கா நான் உன்னைப் பெத்தேன்?” என்றாள். அன்று அம்மாவுக்கு நிஜமாகவே பயம். பயத்தில் கோபம் வருகிற ரகம் அவள்.

அடுத்த வாரம் மாடியில் சாமான் கட்டுகிற சத்தம் கேட்டது. மாமா தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தாள். கையில் அந்தக் கவுன், முடிச்சுப் போட்ட நூல், சிவப்புக் கூண்டு. அம்மா என்னைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டாள். நான் கதவிடுக்கில் நின்றேன்.

“ஒரு உதவி பண்ணோணுங்க” என்றாள் அத்தை. “என்னைய எல்லாரும் பைத்தியம்னு சொல்றது தெரியுமுங்க. சொல்லட்டும். எம்பொண்ணுக்கு நான்தான் விலாசம் சொல்லிக் குடுத்தேன். தொலைஞ்சு போனா யாருகிட்டயாச்சும் சொல்லு சாமின்னு, பாட்டு மாதிரி சொல்லிக் குடுத்தேன். வீட்டு நம்பர் அறுபத்தேழு, மாடி வீடு, பச்சைக் கதவு.”

“நல்ல காரியந்தானக்கா” என்றாள் அம்மா.

“தமிழ்லங்க.”

அம்மா ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டாள்.

“ஊருலிருந்து வந்து ஆறு மாசந்தானுங்க ஆயிருந்துச்சு. எனக்கும் இந்தி தெரியாது, அவளுக்கும் தெரியாது. அத்தனை கூட்டத்துல அவ யாருகிட்டப் போய் அறுபத்தேழுன்னு சொன்னாளோ, எத்தனை பேருகிட்டச் சொன்னாளோ. அவ சரியாத்தானுங்க சொல்லியிருப்பா. கெட்டிக்காரி. அப்புறம் அந்தப் பச்சைக் கதவு. ஊருல எங்க தெருவுல எங்க வீட்டுக்கு மட்டுந்தான் பச்சைக் கதவு. இங்கயும் அது ஒரு அடையாளம்னு நெனச்சுப்போட்டனுங்க.”

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலனி முழுக்க ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. அரசாங்கம் ஒரே டின்னிலிருந்து எல்லாருக்கும் அடித்த பச்சை.

“அதுக்குத்தானுங்க கூண்டு மாட்டுனேன். எந்தப் பச்சைக் கதவுன்னு அவளுக்குத் தெரியோணுமில்லீங்களா? பொறந்தநாளன்னிக்கு எங்க இருந்தாலும் வீட்டு நெனப்பு வருமுங்க. இனி அவ வந்தா மேல வேற யாரோ இருப்பாங்க. யாருகிட்டக் கேப்பா? நீங்க ஒருத்தருதான் தமிழு.”

அம்மா அழுதாள். நான் அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை. கூண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கவுனையும் நூலையும் அத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, படியேறாமல், அப்படியே தெருவில் இறங்கி, காத்திருந்த டாக்ஸியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாவியை மாமாதான் ஒப்படைத்தார். அத்தையை அதன்பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

மாடிக்கு ஒரு பஞ்சாபிக் குடும்பம் வந்தது. அடுத்த மார்கழியில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தேன். அம்மா கையில் வெள்ளை நூல்.

“ஏட்டி, ஸ்வெட்டரைக் கழத்து. கையைத் தூக்கு.”

அம்மாவின் விரல்களும் சில்லென்று இருந்தன. தோளுக்கு முடிச்சு, இடுப்புக்கு முடிச்சு. நீளத்துக்கு வந்ததும் நூலை இன்னும் நாலு விரல் கீழே இறக்கி முடிந்தாள். போன வருடம் உப்பு சுற்றிப் போட்ட அதே கை. அளந்துகொண்டே எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறந்தநாளன்று அம்மா எங்கள் கீழ்வீட்டு வாசலில் அந்தக் கூண்டை மாட்டினாள். காகிதம் கிழிந்த இடத்தில் புதிதாக ஒட்டியிருந்தாள். காலையில் பார்த்தால் வாசலில் கூண்டு இல்லை. மாடி பால்கனிக் கொக்கியில், பழைய இடத்திலேயே, தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சாபி ஆன்ட்டியிடம் அம்மா ஓடினாள். “நான் தொடவேயில்லை, நீங்கள் மாட்டினீர்கள் என்றல்லவா நினைத்தேன்” என்று அவர் இந்தியில் சத்தியம் செய்தார். அப்பாதான் மாட்டியிருப்பார் என்று நான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அப்பாவுக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும்.

அதன்பின் ஆண்டுதோறும் ஆன்ட்டியே கொக்கியைத் துடைத்து வைத்தார். அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்து பெரிய வீடு ஒதுக்கினார்கள். மூன்று அறை, பின்னால் தோட்டம். அம்மா போக மறுத்துவிட்டாள். “உனக்கும் அந்தக் கிறுக்குப் பிடிச்சிட்டா?” என்று அப்பா கத்தினார். மேலே ஒரு காலத்தில் கேட்ட அதே மௌனம் எங்கள் வீட்டிலும் கொஞ்ச நாள் இருந்தது. அப்பா ஓய்வு பெறும்வரை நாங்கள் அந்தக் கீழ்வீட்டிலேயே இருந்தோம். டிரங்குப் பெட்டியில் கவுன்கள் சேர்ந்தன, பிறகு பாவாடைகள், பிறகு தாவணி ரவிக்கைகள். கீழிருந்து மேலாகப் பார்த்தால் ஒரு பெண் வளர்ந்து வருவது தெரியும். எல்லாமே என்னைவிட நாலு விரல் நீளம். ராத்திரி அந்தப் பெட்டி இருக்கிற அறையில் நான் தனியாகப் படுத்ததில்லை. அவள்மேல் எனக்குப் பயம்தான். அவள் வரவேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன, என்ன செய்ய.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா என்னை மார்க்கெட்டில் தையல் மாஸ்டரிடம் கூட்டிப்போனாள். முகூர்த்தப் புடவையின் ரவிக்கைத் துணி, அரக்குப் பட்டு. மாஸ்டர் முறையாக நாடா பிடித்து அளந்தார். தோள், மார்பு, இடுப்பு, உயரம். அளந்து முடித்து நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா பையைத் திறந்தாள். அதே அரக்குப் பட்டில் இன்னொரு துண்டு. அதை என் துணியின் பக்கத்தில் வைத்து, கையால் சுருக்கம் நீவிவிட்டாள்.

“இதுவும் தைக்கணும், மாஸ்டர்ஜி. யஹீ நாப். சார் உங்லி லம்பா.” இதே அளவு, நாலு விரல் நீளம்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார், கடை வாசலைப் பார்த்தார். இன்னொரு பெண்ணைக் காணோம். யாருக்கு என்று இந்தியில் கேட்டார்.

“என்னோட இன்னொரு பொண்ணு” என்றாள் அம்மா. “வந்துருவா.”

மாஸ்டர் சாக்கட்டியை எடுத்து இரண்டாவது துணியில் கோடு போட ஆரம்பித்தார்.